சபையில் இல்லாத நாள்

எங்கள் மாவட்டத்து எம்.பி. பாராளுமன்றத்தில் என்ன செய்கிறார் என்பதை ஐந்து வருடங்கள் ஒரு கொப்பியில் எழுதி வந்தவள் நான். அரசாங்கம் கேட்டு எழுதவில்லை, கட்சிக்காரர் கேட்டு எழுதவில்லை. அப்பா கேட்டார். அப்பா ஒன்றைக் கேட்டால் மறுப்பதில் பயனில்லை. மறுத்த ஞாபகமே இல்லாதவர்போல அடுத்த நாளும் வந்து அதையே கேட்பார்.

ஒரு சின்னப் பொது நூலகத்தில் எனக்கு வேலை. விசுவமடுவுக்கு உள்ளே இருக்கிற எங்கள் குடியிருப்பில் இருந்து சைக்கிளில் போய்வருவேன். அந்த நூலகத்துக்குத் தபாலில் ஹன்சாட் வரும். பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினாலும், யார் யாரைத் திட்டினாலும், சொல்லுக்குச் சொல் அச்சடித்து அனுப்புகிற புத்தகம் அது. மாதக்கணக்கில் பிந்தி, ஐந்தாறு சேர்ந்து ஒரு கட்டாக வரும். அதைத் தேடி ஒரு சீவன் வந்ததில்லை. மத்தியானத்தில் பேப்பர் பார்க்க வரும் ஓய்வுபெற்ற ஒருவர் மட்டும் இரண்டை அடுக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு நீள மர வாங்கில் படுப்பார். அதற்கு அளவான தடிப்பு என்று சொல்லுவார்.

இப்படி ஒரு புத்தகம் வருகிறது என்று ஒருநாள் வாய்தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு கையைத் தூக்கினாங்க, யாரு தூக்கலைன்னு அதில இருக்குமா?"

"வாக்கெடுப்பு நடந்தா பேரெல்லாம் போடுவினம்."

"அப்ப நம்மாளுடையத எழுதி வையி. ஒண்ணு விடாம எழுதி வையி."

அப்பாவுக்குப் பாராளுமன்றம் என்றால் கைகள்தான். அவர் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா காலத்தில் ஒரு சட்டம் வந்து அந்தச் சனத்தின் குடியுரிமையை எடுத்துவிட்டது. அதை அப்பா சொல்லுகிற விதம் ஒன்று இருந்தது. "நம்ம அப்பன் தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட மலையில நிக்கிறாரு. அங்க கொழும்பில கொஞ்சப் பேரு கையைத் தூக்கிட்டான். சாயங்காலம் எறங்கி வாறப்ப அவருக்கு நாடு இல்ல." இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குச் சின்ன வயதில் பிடிக்காது. கோபப்பட வேண்டிய இடத்தில் ஏன் இந்த மனிதர் பல்லைக் காட்டுகிறார் என்று நினைப்பேன். கோபப்பட்டுக் கோபப்பட்டு முடிந்த பிறகு மிஞ்சுவது அதுதான் என்று இப்போது விளங்குகிறது.

இளவயதில் ஒரு கலவரத்தில் அடிபட்டு, உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்து சேர்ந்தார். காடு வெட்டினார். பற்றையும் பாலை மரமுமாகக் கிடந்த இரண்டு ஏக்கரை அவரும் அம்மாவும் கையால் துப்புரவாக்கி, மேட்டில் கச்சான் கடலையும் பள்ளத்தில் நெல்லும் போட்டார்கள். நாங்கள் அதில்தான் வளர்ந்தோம். பிறகு யுத்தம், ஓட்டம், முகாம். திரும்பி வந்து பார்த்தபோது காணியில் ஆளுயரத்துக்குப் பற்றை, நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய கல். ஒரு திணைக்களம் வந்து அது காடு என்று அடையாளம் போட்டுவிட்டுப் போயிருந்தது. நாங்கள் முகாமில் இருந்தபோது முளைத்த பற்றைக்குக் காடு என்று பெயர் வைத்தால், அங்கே இருந்த எங்களுக்கு என்ன பெயர் என்று நான் அந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். காணிக் கடதாசி எங்கே என்பதுதான் அதன் கருத்து. அது எந்தக் குளக்கட்டில், எந்த ஓட்டத்தில் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் வட்டக்கச்சிப் பக்கம் மற்றவர்களுடைய வயலுக்குக் கூலிக்குப் போனார்கள். போகும்போதும் வரும்போதும் சொந்தக் காணியின் மஞ்சள் கல்லைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்பா அந்தக் கல்லைப் பார்க்கவே மாட்டார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சைக்கிளை மிதிப்பார்.

எம்.பி.யிடம் மனுக் கொடுத்தோம். அவர் பெரிய பேச்சாளர் இல்லை. வெள்ளை வேட்டி, கையில் எப்போதும் ஒரு ரெலிபோன், சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேறு யாருக்கோ தலையாட்டுகிற பழக்கம். ஆனாலும் மனுவை முழுவதும் வாசித்தார். "இதைச் சபையில வாய்மூலக் கேள்வியாப் போடுவம். அமைச்சர் எழும்பிப் பதில் சொல்லத்தான் வேணும். சொன்னா அது பதிவில ஏறும். பிறகு ஆரும் மாத்தேலாது," என்றார். பதிவில் ஏறும் என்ற சொல்லில் அப்பா விழுந்துவிட்டார். கேள்வி வரிசையில்தான் வரும், மாதங்கள் செல்லும் என்றும் அவர் சொன்னார். காத்திருப்பதற்கு எங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

கொப்பியில் நான்கு நிரல் கீறினேன். பேசினார், கேட்டார், வாக்களித்தார், இல்லை. சனிக்கிழமைகளில் அப்பா குளித்து, தலை ஈரத்தோடு வந்து கதிரையில் உட்காருவார். நான் வாசிப்பேன். வீட்டில் இப்படி ஒரு கோர்ட் நடக்கிறது என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே தேத்தண்ணி வைப்பார். நாலாவது நிரல்தான் வேகமாக நிரம்பியது. ஒருமுறை வரவுசெலவுத் திட்டத்து வாக்கெடுப்பு. ஆதரவானவர்களின் பெயர்கள் ஒரு பக்கம், எதிரானவர்களின் பெயர்கள் ஒரு பக்கம். இரண்டிலும் விரலை வைத்துத் தேடினேன். நம்மவர் இல்லை.

"ரெண்டுலயும் இல்லாட்டி மனுசன் எங்க இருந்தாரு?" என்றார் அப்பா.

"கன்ரீனில."

அப்பா சிரிக்கவில்லை. "எதிரா தூக்கினாக்கூடப் பரவாயில்ல புள்ள. தூக்காமலே இருந்திட்டா அவன என்னன்னு சொல்றது?" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். அதற்குப் பிறகு வாசிக்கும்போது நாலாவது நிரலைக் கொஞ்சம் மெல்லமாகச் சொல்லிக்கொண்டு போகப் பழகினேன்.

அப்பா இறந்தது மாரி நெல்லுக்கான காலபோகத்துக்கு வயலைத் திருத்துகிற காலத்தில். வட்டக்கச்சியில் யாரோ ஒருவருடைய வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் இருக்கிறேன் என்று சொல்லி வரம்பில் உட்கார்ந்தாராம். எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவரச் செவ்வாய்க்கிழமை பின்னேரமாகிவிட்டது. அடுத்த நாள் எடுப்பது என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதுதான் செத்தவரின் பெறுமதி. முன்வரிசைக் கதிரைகள் அதற்கென்றே போடப்படுகின்றன. பள்ளிக்கூட அதிபர் வருவார், சங்கத் தலைவர் வருவார், எல்லாருக்கும் மேலே எம்.பி. வருவார். அவர் வந்து மாலை போட்டு, ஒலிபெருக்கியில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனால் அந்தக் குடும்பம் பத்து வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். பாராளுமன்றத்தில் அவர் என்ன கிழித்தார் என்று எவரும் கேட்பதில்லை. கலியாணத்துக்கு வராதவரைக்கூட மன்னிப்பார்கள். செத்தவீட்டுக்கு வராதவருக்கு வோட்டு இல்லை.

அந்த மரியாதையெல்லாம் மலையில் இருந்து வந்தவர்களே இருக்கிற எங்கள் குடியிருப்புக்கு வந்ததில்லை. எத்தனையோ செத்தவீடுகள் பார்த்தோம், எந்த எம்.பி.யும் இந்த ஒழுங்கைக்குள் கால் வைக்கவில்லை. அன்று பந்தல் போட்டுக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, முன்வரிசைக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து, "எதுக்கு அத்தன கதிரை? நம்ம சாவுக்கு யாரு பெரிய மனுசன் வரப்போறான்?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது உச்சியில் ஏறியது. அப்பாவுக்கு அருகில் இருந்து எழும்பி, கிணற்றடிக்குப் போய், எம்.பி.க்கு ரெலிபோனில் கோல் எடுத்தேன்.

அவரே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"தங்கச்சி, நான் இப்ப கொழும்பில நிக்கிறன். நாளைக்குக் காலமை சபையில எனக்கொரு கேள்வி கிடக்கு. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குக் கட்டாயம் வந்து நிப்பன்."

"கேள்வியை அடுத்த கிழமையும் கேக்கலாம் ஐயா. எங்கட அப்பாவை அடுத்த கிழமை எடுக்கேலாது."

"அதில்லைப் பிள்ளை, இந்தக் கேள்வி..."

அவரை முடிக்க விடவில்லை. "ஏன் ஐயா, தோட்டக்காட்டான்ர செத்தவீட்டுக்கு வரக் கூச்சமா இருக்கோ?" என்று கேட்டேன்.

அந்தச் சொல் எங்களைப் பார்த்து மற்றவர்கள் இளக்காரமாகச் சொல்கிற சொல். பள்ளிக்கூடத்தில், சங்கக் கடையில், பஸ்ஸில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதை என் வாயால், என் அப்பாவுக்காகச் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். சொன்னால் வேலை செய்யும் என்று தெரிந்தே சொன்னேன்.

"வாறன் பிள்ளை," என்றார். வைத்துவிட்டார்.

எந்தக் கேள்வி என்று நான் கேட்கவில்லை. எங்கள் கேள்வி வரிசையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் அதைப் பற்றியே பேசினவர்கள் நாங்கள். அந்த நேரத்தில் அது என் நினைவில் வரவே இல்லை. முன்வரிசைக் கதிரை மட்டும்தான் கண்ணில் நின்றது.

புதன்கிழமை காலை பத்து மணிபோல வந்தார். இரவு முழுவதும் வாகனத்தில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தப்பு அடித்தவர்கள் அவரைக் கண்டதும் இன்னும் வேகமாக அடித்தார்கள். மாலை போட்டு, கைகூப்பி நின்று, முன்வரிசையில் நடுக்கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருந்தார். மாமா ஓடியோடிச் சோடா கொடுத்தார். ஒலிபெருக்கியில் பேசும்போது, "இந்த மனுசன்ர காணிக் கோரிக்கையை நான் பாராளுமன்றத்தில ஒலிக்கச் செய்வன்," என்றார். சனம் தலையாட்டியது. அம்மா அந்த அழுகைக்குள்ளும் நிமிர்ந்து பார்த்தார். நானும் பெருமைப்பட்டேன். அதை மறைத்துப் பயனில்லை. அப்பா செத்துக் கிடக்கிறார், எனக்குள் ஒரு மூலையில் பெருமை.

அந்தத் தேதிக்குரிய ஹன்சாட் நூலகத்துக்கு வந்தபோது மாசி மாதம். கட்டைப் பிரித்து, பழக்கதோஷத்தில் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அப்பா இல்லாமல் யாருக்கு வாசிக்கப்போகிறேன் என்று யோசித்துக்கொண்டேதான் புரட்டினேன். வினாக்களுக்கு வாய்மூல விடைகள் என்ற தலைப்புக்குக் கீழே எங்கள் எம்.பி.யின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே எங்கள் கேள்வி, மூன்று மொழியிலும். விசுவமடுப் பகுதியில் மீளக்குடியமர்ந்த குடும்பங்களின் விவசாயக் காணிகள் காடாக எல்லையிடப்பட்டுள்ளதை அமைச்சர் அறிவாரா, அறிவாராயின் அவற்றை விடுவிப்பாரா. அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், உறுப்பினர் சபையில் இல்லை என்று இருந்தது. அடுத்த கேள்வி வேறு யாருடையதோ, ஏதோ ஒரு ஊரின் பாலத்தைப் பற்றியது.

தேதியை மூன்றுதரம் பார்த்தேன். அது புதன்கிழமை.

நூலகத்தில் அழக்கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் வாங்கில் அந்த மனிதர் படுத்திருந்தார். புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அப்பா செத்தபோது அழுததைவிட அதிகம் அழுதேன். அப்பாவுடைய கேள்வி பாராளுமன்றத்தில் எழும்பி நின்ற நேரத்தில், அதைக் கேட்கவேண்டியவரை அப்பாவின் பிணத்துக்கு முன்னால் இருத்தி நாங்கள் சோடா கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. கொப்பியில் நாலாவது நிரலில் தேதியை எழுதி, எங்கள் வீட்டில் என்று பக்கத்தில் எழுதினேன்.

பிறகு ஒரு விசர் பிடித்தது. கொப்பியைப் புரட்டி, எம்.பி. சபையில் இல்லாத தேதிகளை எல்லாம் எடுத்து, அந்தத் தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று நூலகத்துப் பழைய பேப்பர்களில் தேடினேன். அந்த வரவுசெலவு வாக்கெடுப்பு நாளில் அவர் கன்ரீனில் இருக்கவில்லை. முள்ளியவளைப் பக்கம் ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கிண்ணம் கொடுத்துக்கொண்டிருந்தார். பேப்பரில் படம் இருந்தது. இன்னொரு நாள் கோயில் தேர். இன்னொரு நாள் மரண அறிவித்தலுக்குக் கீழே அவருடைய அனுதாபம். எல்லா நாளும் அப்படியென்று சொல்லவரவில்லை. ஒன்றுமே கிடைக்காத நாட்களும் நிறைய இருந்தன; அந்த நாட்களில் அவர் எங்கே போனார் என்று அவருக்குத்தான் வெளிச்சம். அவரை நல்லவராக்க எனக்கு எந்த அவசரமும் இல்லை. ஆனால் அவரை இழுத்த கைகளில் எங்கள் கைகளும் இருந்தன.

அடுத்த தேர்தல் வந்தபோது எம்.பி.மாரின் சபை வரவை வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று எல்லார் ரெலிபோனிலும் சுற்றியது. எங்கள் ஆள் அடியில் கிடந்தார். நூலகத்துக்கு வந்தவர்கள் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். "பள்ளிக்கூடத்தில எண்டா எப்பவோ பேர் வெட்டியிருப்பாங்கள்," என்றார் ஒருவர். ஐந்து வருடக் கொப்பி வைத்திருந்த நான், யாரையும்விடக் கூடச் சிரிக்கவேண்டியவள், புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேர்தலுக்கு அவர் எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார். இந்தமுறை ஆட்கள் குறைவு. மெலிந்திருந்தார். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார். கூட வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, நான் ஹன்சாட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தேன்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கட கேள்விதான் எண்டு அண்டைக்கே தெரியும் பிள்ளை," என்றார்.

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வாயெடுத்தனான். நீர் அந்தச் சொல்லைச் சொன்னீர். அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்லுறது? வராமல் விடச் சாட்டுச் சொல்லுறன் எண்டெல்லோ நினைச்சிருப்பீர். எனக்குப் பதிலாக் கேக்கச் சொல்லி இன்னொரு உறுப்பினரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். அவர் நேரத்துக்கு வரேல்லை. திரும்பவும் குடுத்தனான். வரிசை வரமுதல் பாராளுமன்றத்தைக் கலைச்சுப்போட்டாங்கள்."

"கலைச்சா?"

"எல்லாக் கேள்வியும் செத்துப்போகும். புதுசாத்தான் குடுக்கவேணும். நான் வெண்டால்."

அவர் வெல்லமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். காணிக்குள் அந்தத் திணைக்களம் ஏற்கெனவே கம்பி அடித்து, தேக்கங்கன்று நட்டிருந்தது. வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். அவரும் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லும்," என்றார். "அண்டைக்கு நான் வராமல் சபையில நிண்டு அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா, உங்கட ஆக்கள் என்னை மன்னிச்சிருப்பினமோ?"

பொய் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. "இல்லை ஐயா," என்றேன். "நானே மன்னிச்சிருக்க மாட்டன்."

தலையாட்டினார். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். வோட்டுக் கேட்காமலே எழும்பிப் போனார்.

அவர் ஒழுங்கை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றார். குசினிக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு சேலைத் திரைதான். அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று அவர் நின்ற நிலையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. என்ன சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டு நின்றேன். அம்மா திரும்பவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற தேக்கங்கன்றுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கனடாவில இருந்து மகன் வரணும்னு செத்தவங்கள அஞ்சு நாள் மருந்து போட்டு வச்சிருக்காங்களே புள்ள. நாமளும் ஒரு நாள் பொறுத்து எடுத்திருக்கலாம். உங்கப்பா மனுசன் இந்தக் காணிக்காக எத்தன வருசம் பொறுத்திருந்திச்சு. இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்காதா?"

என்னைக் குறை சொல்லும் குரலில் அம்மா அதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் வழக்கம்போலச் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன்.